11 வயது மகள்: சிறிய கிளப்பிலேயே தொடர்வதா, பெரிய கிளப்பின் மூன்றாம் அணிக்குப் போவதா?

வேலியோரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு 11 வயது. கால்பந்து ஆடத் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிறிய கிளப்பில்தான் விளையாடி வருகிறாள். அங்கே ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஓர் அணி மட்டுமே உண்டு. பெண் பிள்ளைகளுக்குத் தனி அணி இல்லாததால் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்தே ஆடுகிறாள். பயிற்சியாளர் முறையான உரிமம் பெற்றவர், பிள்ளைகளிடம் கத்தாதவர், எல்லாரையும் எல்லா இடங்களிலும் ஆடவைப்பவர். என் மகளுக்கு இடதுகால் பழக்கம். பெரும்பாலும் நடுக்களத்தில் ஆடுகிறாள், ஏறக்குறைய ஆட்டம் முழுவதும் களத்தில் இருக்கிறாள்.

என் கவலை வேறு. அந்த அணியில் பந்தைக் கட்டுப்படுத்தி, தலையை நிமிர்த்திப் பார்த்து, சரியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடியவர்கள் நான்கைந்து பேர்தான். மற்றவர்களிடம் போகும் பந்து திரும்பி வராது என்பதை என் மகள் சீக்கிரமே கண்டுகொண்டாள். ஆகவே பாஸ் கொடுக்க வேண்டிய இடத்திலும் தானே பந்தைக் கொண்டு ஓடுகிறாள். எதிரணி பலவீனமாக இருந்தால் அது கோலில் முடிகிறது. பலமாக இருந்தால் மூன்று பேர் சூழ்ந்து பறித்துவிடுகிறார்கள். இரண்டு வகையிலும் அவள் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்நிலையில் ஒரு பெரிய கிளப்பின் தேர்வில் கலந்துகொண்டாள். அவள் வயதுப் பிரிவில் மட்டுமே அங்கே நான்கு பெண்கள் அணிகள் இருக்கின்றன. மூன்றாம் அணியில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று பயிற்சிகள், கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியாளர், ஆட்டங்களை வீடியோ எடுத்து அலசும் வசதி, இயன்முறை மருத்துவர் என்று அவர்கள் தந்த பட்டியல் நீளமாக இருக்கிறது. என் மனைவி, நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஏன் பெயர்த்து நட வேண்டும் என்று கேட்கிறார். மகளோ, கேட்கும் நாளைப் பொறுத்து இரண்டு பதில் சொல்கிறாள்.

கோப்பைகளைப் பற்றியோ, பிற்காலத்தில் தொழில்முறை வீராங்கனை ஆவதைப் பற்றியோ நான் கேட்கவில்லை. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அவளுடைய ஆட்டம் எங்கே அதிகம் வளரும் என்பதுதான் என் கேள்வி. இரண்டு வகைக் கிளப்புகளையும் உள்ளிருந்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பழைய ஸ்டாப்பர்:

வணக்கம். சிறுவர் அணிகளுக்குப் பல காலமாகப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் மகள் ஆடப்போவது ஒரு கிளப்பில் அன்று, ஓர் அணியில். பதினைந்து பிள்ளைகள், அவர்களுக்கு ஒரு பயிற்சியாளர், மைதானத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு மூலை: அவளுக்குக் கிளப் என்பது அவ்வளவுதான். அவர்கள் உங்களிடம் கொடுத்த பட்டியல் முதல் அணிக்கு உண்மையாக இருக்கும், இரண்டாம் அணிக்குப் பாதி உண்மையாக இருக்கும். மூன்றாம் அணிக்கு அதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். பெரிய கிளப்புகளில் கீழ் அணிகள் செலுத்தும் கட்டணமே மேல் அணியின் செலவைத் தாங்குவதும் உண்டு. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் அறியாத செய்தியும் அன்று.

ஆகவே முதலில் மூன்றாம் அணியின் பயிற்சியாளர் யார், அவர் வேறு எத்தனை அணிகளைப் பார்த்துக்கொள்கிறார், சென்ற பருவத்திலும் அவர்தான் இருந்தாரா என்று கேளுங்கள். அடுத்து, அணியில் எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 11, 12 வயதுப் பிள்ளைகள் அணிக்கு ஒன்பது பேராக ஆடுகிறார்கள். பதினொருவர் ஆட்டம் அதற்குப் பிறகுதான். உங்கள் லீக்கிலும் ஒன்பது பேர் என்றால், 12 முதல் 14 பேர் வரை அணியில் இருப்பது நல்ல அளவு. 18 பேரைப் பதிவு செய்திருந்தால், எந்த நேரத்திலும் பாதிப் பேர் வெளியே உட்கார்ந்திருப்பார்கள் என்று பொருள். மூன்று பயிற்சிகளில் கிடைப்பதை வாரக் கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து இழப்பது நல்ல பேரம் ஆகாது.

அதன் பிறகு, யாரிடமும் சொல்லாமல், இப்போதைய மூன்றாம் அணியின் பயிற்சி ஒன்றை முழுவதுமாகப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு, நான்குக்கு நான்கு போன்ற சிறு ஆட்டங்களுக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள், ஒரு பிள்ளை தவறான பாஸ் கொடுத்தவுடன் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். "இங்கே கொடு, அங்கே ஓடு, உதை" என்று ஒவ்வொரு நொடியும் வெளியிலிருந்து ஆட்டத்தை ஓட்டுபவர் என்றால், அவர் எந்தக் கிளப்பில் இருந்தாலும் உங்கள் மகள் அவரிடம் முடிவெடுக்கக் கற்றுக்கொள்ள மாட்டாள்.

தேர்வைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வயதில் பிள்ளைகளை நான்கு அணிகளாகத் தரம் பிரிக்கும்போது, திறமையோடு பிறந்த மாதமும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் அளவுக்கு மீறி இடம்பெறுவதும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் ஒதுக்கப்படுவதும் 1980களிலிருந்து ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் விஷயம். முதலில் ஐஸ் ஹாக்கியில் கவனிக்கப்பட்டது. பிறகு கால்பந்திலும் அதே நிலைதான் தெரியவந்தது. ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம், பெண் பிள்ளைகளிடம் குறைவு. உங்கள் மகள் கடைசி மாதங்களில் பிறந்தவளா, உருவத்தில் சிறியவளா? அப்படியானால் மூன்றாம் அணி என்ற தீர்ப்பு அவளுடைய கால்களைப் பற்றியது மட்டுமன்று.

நீங்கள் சொன்ன பாஸ் பிரச்சினை உண்மையானது. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் கூட்டாட்டம் வளராது. ஆனால் அதற்குக் கிளப் மாறுவது ஒன்றே வழி அன்று. இப்போதைய பயிற்சியாளரிடம் பேசி, வாரத்தில் ஒரு நாள் ஒரு வயது மூத்த அணியோடு பயிற்சி செய்ய விடலாம். உங்கள் மகளுக்கு மட்டும் இரண்டு தொடுகைக்குள் பந்தைக் கொடுத்தாக வேண்டும் என்றோ, வலதுகாலால் மட்டுமே ஆட வேண்டும் என்றோ பயிற்சி ஆட்டத்தில் நிபந்தனை வைக்கலாம். அப்போது அதே தோழர்களுக்கு நடுவிலும் அவளுக்கு ஆட்டம் கடினமாகிவிடும். ஜெர்மனியில் 2002 முதல் நாடு முழுவதும் சுமார் 360 வட்டாரப் பயிற்சி மையங்களைக் கால்பந்துச் சங்கமே நடத்துகிறது. சிறிய கிளப்பின் திறமையான பிள்ளை தன் கிளப்பிலேயே ஆடிக்கொண்டு, வாரம் ஒரு முறை தன்னையொத்த மற்றவர்களோடு அங்கே கூடுதலாகப் பயிற்சி பெறுகிறது. ஆட்டத்துக்கு ஓர் இடம், தரமான துணைக்கு இன்னோர் இடம் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. உங்கள் பகுதியில் வட்டார அணி, விடுமுறைக்காலப் பயிற்சி என்று எது இருந்தாலும் இதே வகையில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

என் கருத்தைக் கேட்டால், நல்ல பயிற்சியாளரிடம் முழு ஆட்டமும் ஆடும் 11 வயதுப் பிள்ளையை, பெயர் தெரியாத பயிற்சியாளரின் மூன்றாம் அணிக்கு நான் மாற்றமாட்டேன். முதல் அணி என்றால் வேறு பேச்சு.


இருவரின் அம்மா:

மேலே ஐயா எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். என் மூத்த மகன் பெரிய கிளப்பில் வளர்ந்தவன். இளைய மகள் இன்றும் சிறிய கிளப்பில் ஆடுகிறாள். அதனால் சிறிய கிளப்புகளின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சிறிய கிளப்பில் எல்லாமே ஒருவரை நம்பி இருக்கிறது. அந்த நல்ல பயிற்சியாளர் வேலை மாறினாலோ, தன் சொந்தப் பிள்ளை அடுத்த வயதுப் பிரிவுக்குப் போனவுடன் அதன் பின்னாலேயே போய்விட்டாலோ, மறுபருவம் யார் வருவார் என்று யாருக்கும் தெரியாது. நல்ல ஆட்டக்காரர்கள் மூன்று பேர் ஒரே கோடையில் வெளியேறினால் அணியே கலைந்துவிடும். பயிற்சியாளரின் பிள்ளைதான் எப்போதும் நடுக்களம், நிர்வாகியின் பிள்ளைதான் எப்போதும் கேப்டன் என்ற நிலையும் சிறிய இடங்களில்தான் அதிகம். முறையிடுவதற்கு மேலே யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது அவளுடைய நல்லூழ். ஆனால் அது கிளப் சிறியது என்பதால் வந்த நன்மை அன்று, அந்த மனிதரால் வந்த நன்மை. அவர் அடுத்த பருவமும் இருப்பாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய கேள்வி அன்று இது.

பெரிய கிளப்பில் என் மகனுக்கு நல்லது நடந்தது என்றால், அது பயிற்சியின் தரத்தைவிடப் போட்டியால் நடந்தது. தன்னைவிட நன்றாக ஆடும் ஐந்தாறு பேரை வாரம் மூன்று நாள் பக்கத்தில் பார்த்தான். கெட்டது என்றால், ஒவ்வொரு பருவ முடிவிலும் மறுபடியும் தேர்வு, மறுபடியும் பட்டியல், கீழே இறக்கப்பட்டவர்களின் அழுகை. சில பிள்ளைகளுக்கு அது உரம். சில பிள்ளைகள் அதோடு ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். உங்கள் மகள் எந்த வகை என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். நார்வேயில் இதற்காகவே 1987இலிருந்து சிறுவர் விளையாட்டுக்குத் தனி விதிகள் வைத்திருக்கிறார்கள். 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன்பு புள்ளிப்பட்டியலும் தரவரிசையும் அங்கே கூடாது. அந்த நாட்டில் பிரைனே என்ற சிற்றூரின் கிளப்பில் பிள்ளைகளைப் பிரித்து ஒதுக்காமல் ஒரே கூட்டமாக வைத்துப் பயிற்றுவித்த அணியிலிருந்துதான் புகழ்பெற்ற வீரர் எர்லிங் ஹாலண்ட் வந்தார்.

பெண் பிள்ளை என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஆண் பிள்ளைகளோடு சிறிய கிளப்பில் ஆடுவதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். ஸ்பெயின் வீராங்கனை ஐதானா பொன்மாதி 13, 14 வயது வரை ரீபெஸ், குபேயெஸ் ஆகிய சிறிய கிளப்புகளில் ஆண் பிள்ளைகளோடுதான் ஆடினார். பார்சிலோனாவுக்குப் போனது அதன் பிறகுதான். 2023இலிருந்து தொடர்ந்து மூன்று முறை, ஆண்டின் சிறந்த வீராங்கனைக்கான பாலன் டி'ஓர் விருதைப் பெற்றவர் அவர். லூசி புரோன்ஸ் என்ற வீராங்கனையும் இங்கிலாந்தில் ஆண் பிள்ளைகள் அணியில் ஆடியவர். 12 வயதுக்கு மேல் அப்படி ஆடக்கூடாது என்று அன்றைய விதி சொன்னதால்தான் வெளியேறினார். உங்கள் சங்கத்தின் விதி எந்த வயது வரை அனுமதிக்கிறது என்பதை மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள். அடுத்த ஆண்டே கட்டாயமாக மாற வேண்டியிருக்கும் என்றால் உங்கள் கணக்கு முழுவதும் மாறிவிடும்.


பதிவேடு:

பல அணிகள் உள்ள ஒரு கிளப்பில் இளையோர் பிரிவின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எனக்குச் சார்பு உண்டு என்பதை முன்பே சொல்லிவிட்டு மாற்றுக் கருத்தை எழுதுகிறேன்.

முதலில், புகழ்பெற்றவர்களைச் சான்றாகக் காட்டுவதை நாம் நிறுத்தலாம். ஹாலண்டுக்குப் பதிலாக நான் மெஸ்ஸியைக் காட்டுவேன். அவர் 13 வயதில் பார்சிலோனாவுக்குப் போனார். நீங்கள் 19 வயது வரை சுரேன் என்ற சிறிய கிளப்பில் ஆடி, பிறகு 2018இல் பிரான்ஸ் அணியோடு உலகக் கோப்பையை வென்ற காந்தேயைக் காட்டுவீர்கள். ஸ்பெயின் வீராங்கனை அலெக்சியா புதெயாசை இரண்டு தரப்பினருமே காட்டலாம்: 2005இல் பார்சிலோனாவின் இளையோர் அணிக்குச் சென்று, ஓராண்டில் வெளியேறி, எஸ்பான்யோல், லெவாந்தே ஆகிய கிளப்புகள் வழியாக 2012இல் அங்கேயே திரும்பி வந்தார். இரண்டு வழியிலும் சென்று பாதியில் மறைந்துபோன ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆகவே இவர்களின் கதைகளிலிருந்து உங்கள் மகளுக்கு எதுவும் தேறாது.

இப்போது மூன்றாம் அணியைப் பற்றி. எல்லாப் பெரிய கிளப்புகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சில இடங்களில் நான்கு அணிகளும் நான்கு தனிப் பெட்டிகள்: ஆகஸ்டில் எந்த அணியில் போட்டார்களோ, அடுத்த தேர்வு வரை அங்கேதான். வேறு சில இடங்களில் வயதுப் பிரிவு முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே மைதானத்தில், ஒரே பாடத்திட்டத்தில் பயிற்சி பெறும். வாரத்தில் ஒரு பயிற்சியில் அணி பார்க்காமல் கலந்து விடுவார்கள். பயிற்சியாளர்கள் சுழற்சி முறையில் எல்லாரையும் பார்ப்பார்கள். பருவத்தின் நடுவிலேயே பிள்ளைகள் மேலும் கீழும் மாறுவார்கள். இரண்டாவது வகையில் மூன்றாம் அணியில் இருப்பது ஒரு தடையே அன்று. எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது: சென்ற பருவத்தில் மூன்றாம் அணியிலிருந்து இரண்டாம் அணிக்கு எத்தனை பேர் போனார்கள், அதில் பருவத்தின் நடுவில் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் எண்ணிக்கையோடு பதில் சொல்வார்கள். "திறமைக்கு எப்போதும் கதவு திறந்திருக்கும்" என்று பதில் வந்தால் ஒருவரும் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ஸ்டாப்பர் ஐயா, மூத்த அணியோடு ஒரு நாள் பயிற்சி என்ற யோசனை நல்லதுதான். ஆனால் நடுக்களத்தில் ஆடும் ஒரு பிள்ளைக்கு, பக்கத்தில் பந்தைத் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த எட்டுப் பேர் ஆட்ட நாளிலும் இருப்பது வேறு அனுபவம். இடம் பார்த்து நகர்வது, பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, களம் தெரியும்படி உடலைத் திருப்பி வைத்துப் பந்தை வாங்குவது ஆகியவையெல்லாம் பந்து திரும்பி வரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பழக்கமாகும். எல்லா ஆட்டத்திலும் முழு நேரம் ஆடுவது நன்மைதான். ஆனால் அந்த நேரம் முழுவதும் ஒரே தீர்வைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், ஆடிய நிமிடங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து வளர்ச்சியை அளக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் தந்தையின் கண்ணை நான் நம்புகிறேன்.

இவ்வளவும் எங்கள் தரப்புக்குச் சாதகமாகச் சொன்னேன். பாதகமான ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தக் கிளப்பும் இதை உங்களிடம் தானாகச் சொல்லாது. ஒன்பது பேர் ஆட்டத்தில் அணிக்கு 13 பேர் என்று நான்கு அணிகள் இருந்தால் மொத்தம் 52 பிள்ளைகள். பதினொருவர் ஆட்டம் தொடங்கும்போது அணிக்கு 17 பேராவது தேவைப்படும். அதே 52 பேரை வைத்து மூன்று அணிகள்தான் அமைக்க முடியும். அதாவது இன்றைய மூன்றாம் அணி, இரண்டு ஆண்டுகளில் கடைசி அணியாகிவிடும். அந்தக் கட்டத்தில் என்ன செய்வார்கள், யாரை விடுவிப்பார்கள் என்று இப்போதே கேளுங்கள். இதே கணக்கு சிறிய கிளப்பை இன்னும் கடுமையாகப் பாதிக்கும்: அங்கே இருக்கும் 13 பேரில் இருவர் விலகினால் பதினொருவர் ஆட்டத்துக்கு மாற்று வீரர் ஒருவர்கூட மிஞ்சமாட்டார். எத்தனையோ சிறிய கிளப்புகளின் அணிகள் சரியாக அந்த வயதில்தான் நின்றுபோகின்றன அல்லது பக்கத்துக் கிளப்போடு இணைகின்றன.

ஆகவே என் பார்வையில் உங்கள் கேள்வியின் உண்மையான கெடு 13 வயது. இப்போது மாறுவதா என்பது முதல் பருவத்தின் ஆட்டத்தரத்தைப் பொறுத்தது. எப்போதாவது மாற வேண்டியிருக்குமா என்றால், பெரும்பாலும் ஆம். அப்போது போனால் இடம் கிடைக்காது என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். பிள்ளைகள் விலகும் வயதும் அதுதான், அணிகள் ஆள் தேடும் வயதும் அதுதான்.


கணுக்கால்:

இளையோர் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவராக ஒரு சிறு சேர்க்கை மட்டும்.

மூன்றாவது பயிற்சி என்பதை எல்லாரும் இலவச நன்மையாகவே பேசுகிறோம். பெண் பிள்ளைகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது 12 வயதை ஒட்டித்தான். ஆண் பிள்ளைகளுக்கு அது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து வருகிறது. எலும்பு வேகமாக நீளும் அந்தக் காலத்தில் தசைநாண்கள் பற்றியிருக்கும் வளர்முனைகள் இழுவையைத் தாங்காமல் வலிக்கும். குதிகாலின் பின்புறத்திலும், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலும் ஆட்டத்துக்குப் பிறகு வலி என்று பிள்ளை சொன்னால், அதை "வளரும் வலி" என்று தள்ளிவிட்டு மூன்றாவது பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். ஒழுங்கமைக்கப்பட்ட விளையாட்டு நேரம் வாரத்துக்குப் பிள்ளையின் வயது எண்ணைத் தாண்டக் கூடாது என்ற ஒரு பொதுவான வரம்பு உண்டு. அதாவது உங்கள் மகளுக்கு 11 மணி நேரம், அதில் பள்ளியில் ஆடுவதும் அடங்கும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களாவது இந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகியிருப்பது நல்லது. பெரிய கிளப்புகளின் நாட்காட்டியில் அந்த இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் பருவம் முடிந்த வாரமே தேர்வு, அடுத்த வாரமே கோடை முகாம்.

இன்னொரு கேள்வியை இரண்டு பயிற்சியாளர்களிடமும் கேளுங்கள்: உடலைச் சூடேற்ற என்ன செய்கிறீர்கள்? 7 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று ஃபிஃபா 11 பிளஸ் என்ற காயத்தடுப்புப் பயிற்சியின் சிறுவர் வடிவம் ஒன்று இருக்கிறது. ஒரு காலில் நின்று சமநிலை காப்பது, தாவி மென்மையாகத் தரையிறங்குவது, பாதுகாப்பாக விழுவது என்று சுமார் 20 நிமிடப் பயிற்சி. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. பதின்ம வயதில் முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாக இருப்பதால், தரையிறங்கும் முறையை இந்த வயதிலேயே பழக்குவது உங்கள் மகளுக்கு இன்னும் முக்கியம். இதற்கு மருத்துவர் தேவையில்லை, கருவி தேவையில்லை. பொறுமையுள்ள பயிற்சியாளர் போதும். பட்டியலில் எழுதியிருக்கும் இயன்முறை மருத்துவர் மூன்றாம் அணியின் மைதானத்துக்கு வருவாரா என்பதைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு.


வேலியோரம்:

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்ன கேள்விகளை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டேன்.

பெரிய கிளப்பில் வாரம் ஒரு பயிற்சி நான்கு அணிகளுக்கும் பொதுவானது என்கிறார்கள். சென்ற பருவத்தில் மூன்றாம் அணியிலிருந்து இரண்டு பேர் மேலே போயிருக்கிறார்கள், இருவருமே பருவ முடிவில். அணிக்கு 15 பேர். பயிற்சியாளர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை, பழையவர் விலகிவிட்டார். பதினொருவர் ஆட்டத்தின்போது எத்தனை அணிகள் இருக்கும் என்று கேட்டதற்கு, பொறுப்பாளர் சற்று யோசித்துவிட்டு "அநேகமாக மூன்று" என்றார். பதிவேடு அவர்களின் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

மகளை அவர்களுடைய பயிற்சிக்கு அனுப்பியும் பார்த்தேன். பந்து திரும்பி வருகிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். ஆனால் வெளியிலிருந்து பார்த்த எனக்கு, அந்தப் பெண்கள் அவளைவிட மிகவும் மேலான ஆட்டக்காரர்களாகத் தெரியவில்லை. ஒழுங்கு அதிகம், துணிச்சல் குறைவு என்று பட்டது. பிறந்த மாதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: பிரிவின் கடைசிக்கு முந்தைய மாதம். உருவத்திலும் சிறியவள்தான்.

இப்போதைய பயிற்சியாளர் அடுத்த பருவமும் இருக்கிறார். மூத்த அணியோடு வாரம் ஒரு நாள் பயிற்சி தரவும் ஒப்புக்கொண்டார். எங்கள் சங்க விதிப்படி இன்னும் சில ஆண்டுகள் கலந்து ஆடத் தடையில்லை. நாங்கள் ஏறக்குறைய இங்கேயே இருப்பது என்ற முடிவுக்கு வந்துவிட்டோம். இதைப் பெரிய கிளப்பிடம் எப்படிச் சொன்னால் பின்னாளில் கதவு மூடாமல் இருக்கும் என்பதுதான் மிச்சம்.


பழைய ஸ்டாப்பர்:

சுருக்கமாக, மரியாதையாக, எழுத்தில் சொல்லுங்கள். வயதுப் பிரிவின் பொறுப்பாளருக்கே எழுதுங்கள், தேர்வு நடத்தியவருக்கு அன்று. இந்தப் பருவம் இப்போதைய அணியிலேயே தொடர்கிறோம், பதினொருவர் ஆட்டத்துக்கு மாறும் ஆண்டில் மறுபடியும் தேர்வுக்கு வர விரும்புகிறோம், இடையில் விடுமுறைக்காலப் பயிற்சிகளுக்கு வெளிப்பிள்ளைகளை அனுமதித்தால் தெரிவியுங்கள் என்ற மூன்று செய்தி போதும். பயிற்சியாளர் முடிவாகாததைக் குறையாக எழுத வேண்டாம்.

உங்கள் பயிற்சியாளரிடமும் ஒரு வார்த்தை: மூத்த அணியோடு ஆடும் நாளில் அவள் அங்கே நடுக்களத்தில் அன்றி, ஓரத்தில் ஆடினாலும் சரி, பாஸ் கொடுத்துவிட்டு நகரும் பழக்கத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தன் அணியில் பந்தைக் கொண்டு ஓடுவதை யாரும் தடுக்க வேண்டாம். பெரிய கிளப்பில் உங்களுக்குக் குறைவாகத் தெரிந்த துணிச்சல் அதுதான். ஒழுங்கை 13 வயதிலும் கற்றுக்கொடுக்கலாம். மூத்தவர்களோடு ஆடும் அந்த ஒரு நாளையும் சேர்த்து வாரத்தின் மொத்த மணி நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், கணுக்கால் அவர்கள் சொன்ன வரம்பு இதற்கும் உண்டு.